சுவர்க் கடிகாரங்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லையா? தப்பின் அளவை வைத்துப் பழுதைப் பிடிப்பது எப்படி

ஒரு பள்ளியில் நாற்பது சுவர்க் கடிகாரம். நாற்பதும் ஒரே மணி காட்ட வேண்டும் என்றுதான் எல்லாவற்றுக்கும் நேரம் சொல்லும் மாஸ்டர் கிளாக், டிரான்ஸ்மிட்டர், மொட்டை மாடியில் ஆன்டெனா என்று செலவழித்து வாங்கியிருக்கிறார்கள். ஒருநாள் பார்த்தால் ஒன்பதாம் வகுப்பு 'பி'யில் ஒரு மணி, ஸ்டாஃப் ரூமில் வேறு மணி. உடனே யாராவது ஸ்டூல் போட்டு ஏறி, முள்ளைத் திருப்பிச் சரி செய்துவிடுவார்கள். பழுதைப் பிடிக்க இருந்த ஒரே தடயம் அதோடு போயிற்று.

எத்தனை நிமிடம், எத்தனை நொடி தப்பு, முந்துகிறதா பிந்துகிறதா: பாதிப் பழுதுகளை இந்த ஒரு விவரத்தை வைத்தே சொல்லிவிடலாம். அதனால் எதையும் தொடுவதற்கு முன் ஒரு தாளை எடுங்கள். தானியங்கி நேரம் போட்டிருக்கும் செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு நான்கு இடத்தில் பாருங்கள்: மாஸ்டர், அதற்குப் பக்கத்தில் உள்ள ஒரு கடிகாரம், வளாகத்தின் கடைக்கோடியில் உள்ள ஒன்று, புகார் வந்த கடிகாரம். வித்தியாசத்தை நொடி வரை எழுதுங்கள். மறுநாளும் அதே நேரத்துக்குப் பாருங்கள். வித்தியாசம் அப்படியே நிற்கிறதா, வளர்கிறதா என்பது இதில் தெரிந்துவிடும்.

அமைப்பு எப்படி வேலை செய்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாஸ்டர் கிளாக் ஜிபிஎஸ் செயற்கைக்கோளிடமிருந்தோ, இணையம் வழியாக நேரம் சொல்லும் என்டிபி சர்வரிடமிருந்தோ நேரத்தை வாங்குகிறது. டிரான்ஸ்மிட்டர் அதை ரேடியோ அலையில் வீசுகிறது. சுவரில் உள்ள ஸ்லேவ் கடிகாரம் தன் சொந்த குவார்ட்ஸ் படிகத்தில்தான் ஓடுகிறது. ஒரு நாளில் சில முறை மட்டும் ரேடியோவைத் திறந்து கேட்டுத் திருத்திக்கொள்கிறது. எப்போதும் திறந்து வைத்தால் செல் தாங்காது. ஆகவே டிரான்ஸ்மிட்டர் செத்தாலும் கடிகாரம் நிற்காது. நின்றால் உடனே கண்ணில் பட்டுவிடும். நிற்காமல் ஓடிக்கொண்டே தப்புவதுதான் தலைவலி.

எல்லாக் கடிகாரமும் ஒன்றுபோல் தப்பு

இது சுவர்க் கடிகாரத்தின் கோளாறே அல்ல. மாஸ்டர் சொன்னதைக் கடிகாரங்கள் ஒழுங்காகக் கேட்டிருக்கின்றன, மாஸ்டர்தான் தப்பாகச் சொல்லியிருக்கிறது. ஏணியை எடுக்க வேண்டாம். மாஸ்டரின் மெனுவுக்குப் போங்கள்.

சரியாகப் பதினைந்து நிமிடம் முந்தினால் நேர மண்டலப் பட்டியலில் ஒரு வரி கீழே இறங்கிவிட்டீர்கள். பல கருவிகளில் 'சென்னை, கொல்கத்தா, மும்பை, புதுதில்லி' என்ற 5:30 (உலகப் பொது நேரமான யூடிசியைவிட ஐந்தரை மணி முன்னால்) வரிசைக்குக் கொஞ்சம் கீழேயே காத்மாண்டு 5:45 இருக்கும். அரை மணி பிந்தினால் 5:00 மண்டலம், அரை மணி முந்தினால் 6:00 மண்டலம். வெளிநாட்டிலிருந்து மலிவாக வந்த சில மாடல்களில் அரை மணிக் கணக்கே கிடையாது. முழு மணிகளில் மட்டும்தான் தேர்வு செய்ய முடியும். அப்படிப்பட்டதை வாங்கிவிட்டு மெனுவைக் குடைந்து பயனில்லை, திருப்பிக் கொடுப்பதுதான் வழி. இலங்கை வாசகர்களுக்கு ஒரு கூடுதல் விஷயம்: அங்கே 1996 முதல் சில மாற்றங்கள் நடந்து, 2006 ஏப்ரலில்தான் மறுபடி 5:30 வந்தது. அதற்கு முந்தைய மென்பொருள் உள்ள பழைய மாஸ்டரில் 'ஸ்ரீ ஜயவர்தனபுர' வரியைத் தேர்ந்தால் அரை மணி முந்தும். சென்னை வரியைப் போட்டால் தீர்ந்தது. இரண்டரை மணி முந்தினால், சிங்கப்பூர் அமைப்போடு வந்த பெட்டியை அப்படியே மாட்டிவிட்டார்கள் என்று அர்த்தம்.

ஒரு மணி நேர வித்தியாசத்தில்தான் பலரும் குழம்புகிறார்கள். முந்துகிறதா, பிந்துகிறதா என்று பார்க்காமல் விட்டால் விடை கிடைக்காது. ஒரு மணி முந்தினால், அதுவும் மார்ச் மாதம் இரண்டாம் ஞாயிறுக்குப் பிறகு தொடங்கியிருந்தால், அமெரிக்கக் கோடை நேர மாற்றம் உள்ளே 'ஆன்' ஆக இருக்கிறது. நவம்பர் முதல் ஞாயிறன்று அது தானாகவே சரியாகிவிடும்; மார்ச்சில் மறுபடி வரும். பள்ளிகளில் இதைப் பல வருடம் கண்டுபிடிக்காமலே விட்டுவிடுகிறார்கள். வந்து பார்ப்பதற்குள் கோடை விடுமுறை, பிறகு யாரோ கையால் ஒரு மணி குறைத்திருப்பார்கள், நவம்பரில் அது ஒரு மணி பிந்தும். மெனுவில் 'டேலைட் சேவிங்' என்ற வரியை ஆஃப் செய்தால் போதும்.

முள் கடிகாரங்கள் ஒரு மணி பிந்துகின்றனவா? அது வேறு கதை. மாஸ்டரில் 5:30 கூட்டி இந்திய நேரம் ஆக்கியாகிவிட்டது. ஸ்லேவுக்குள்ளும் 5:30 கூட்டும்படி வைத்திருக்கிறார்கள். இரண்டும் சேர்ந்தால் இந்திய நேரத்தைவிட ஐந்தரை மணி கூடுதல். அது ஐந்தரை மணி முந்திக் காட்டும். மாஸ்டரிலேயே யாரோ இரண்டு இடத்தில் கூட்டி, ஸ்லேவிலும் ஒருமுறை கூட்டினால் பதினோரு மணி முந்தும். பன்னிரண்டு மணி நேர டயலில் பதினோரு மணி முந்துவதும் ஒரு மணி பிந்துவதும் ஒன்றுதான்! டிஜிட்டல் கடிகாரம் ஒன்று வளாகத்தில் இருந்தால் அதன் 24 மணி நேரக் காட்சியைப் பாருங்கள், உண்மை வெளிவந்துவிடும். பொதுவான பரிகாரம்: மாஸ்டர் யூடிசி நேரத்தை அனுப்புகிறதா, உள்ளூர் நேரத்தை அனுப்புகிறதா என்று கையேட்டில் பார்த்து, 5:30 ஒரே ஓர் இடத்தில் மட்டும் கூட்டப்படும்படி வையுங்கள்.

எல்லாம் சரியாக ஐந்து நிமிடம் முந்தினால் பழுது தேடி அலையாதீர்கள். தாமதமாக வருபவர்களைத் திருத்துவதற்காக யாரோ மேலதிகாரி வைக்கச் சொன்னது அது. எனக்கு இதில் உடன்பாடே இல்லை. எல்லார் கையிலும் செல்போன் இருக்கும்போது ஐந்து நிமிடம் முந்தும் கடிகாரத்தை யாரும் நம்புவதில்லை. பொதுத்தேர்வு நாளில் அதையே பார்த்துத் தாளை வாங்கினால் பிரச்சினை வேறு.

நொடிகளில் தப்பு என்றால் ஜிபிஎஸ் கணக்கைப் பாருங்கள். ஜிபிஎஸ்ஸின் சொந்த நேரம் யூடிசியைவிட 18 நொடி முன்னால் ஓடுகிறது. 2017 ஜனவரி 1 முதல் இதுதான் அளவு. இந்த 18-ஐக் கழித்துக் கொடுப்பது ரிசீவரின் வேலை. கழிக்க வேண்டிய எண்ணையும் செயற்கைக்கோளே அனுப்புகிறது, ஆனால் அந்த முழுத் தகவல் தொகுப்பும் வந்துசேர 12.5 நிமிடம் ஆகும். ஆகவே புதிதாக மாட்டிய மாஸ்டர் முதல் கால் மணி நேரம் சில நொடிகள் தப்பாகக் காட்டினால் பதற வேண்டாம், டீ குடித்துவிட்டு வாருங்கள். ஒரு நாள் கழித்தும் அதே 18 நொடி நின்றால், அமைப்பில் 'ஜிபிஎஸ் நேரம்' என்று வைத்திருக்கிறார்கள். அதை 'யூடிசி' ஆக்க வேண்டும்.

மணி சரி, கிழமையும் சரி, தேதி மட்டும் ஏறத்தாழ இருபது வருடம் பின்னால்? ஜிபிஎஸ் வாரங்களை 1023 வரைதான் எண்ணும், பிறகு பூஜ்யத்துக்குப் போய்விடும். 1999 ஆகஸ்டிலும் 2019 ஏப்ரலிலும் இது நடந்தது. அடுத்தது 2038 நவம்பர். ஆனால் பழைய ரிசீவர்கள் பல, தங்கள் மென்பொருள் எழுதப்பட்ட நாளிலிருந்து 1024 வாரம் கணக்கு வைத்து, இடையில் ஏதோ ஒரு நாளில் தடுக்கி விழும். 1024 வாரம் என்றால் 7168 நாள். அப்படி விழுந்த கருவிக்கு 2026 ஜூன் 15, திங்கட்கிழமை என்பது 2006 அக்டோபர் 30, திங்கட்கிழமையாகத் தெரியும். மாஸ்டரே பள்ளி பெல்லையும் அடிக்கும் அமைப்பு என்றால், கிழமை மாறாததால் பெல் அட்டவணை வழக்கம்போல் ஓடும். விடுமுறைப் பட்டியல் மட்டும் வேலை செய்யாது. தீபாவளியன்று ஆளில்லாத பள்ளியில் பிரேயர் பெல் அடித்தால், முதலில் மாஸ்டரின் தேதியைப் பாருங்கள். மென்பொருள் புதுப்பிப்பு இருந்தால் போடலாம். இல்லையென்றால் ரிசீவரை மாற்ற வேண்டும், அல்லது ஜிபிஎஸ்ஸை விட்டு என்டிபிக்கு மாற வேண்டும்.

ஒவ்வொன்றும் ஒவ்வொரு மணி

ஒன்று இருபது நொடி பின்னால், இன்னொன்று பதினைந்து நொடி முன்னால், மூன்றாவது சரி. வித்தியாசம் நாளுக்கு நாள் வளர்கிறது. இப்படியானால் ரேடியோ சத்தமே இல்லை; ஒவ்வொரு கடிகாரமும் தன் குவார்ட்ஸ் போன போக்கில் போகிறது.

சாதாரண குவார்ட்ஸ் மாதத்துக்குச் சுமார் 15 நொடி தப்பலாம். வெயில் சேர்ந்தால் இன்னும் மோசம்: 32,768 ஹெர்ட்ஸ் படிகம் 25 டிகிரியை ஒட்டி ஓடும்படி செய்யப்பட்டது, 40 டிகிரியில் அதன் வேகம் குறைந்து நாளுக்கு அரை நொடிக்கு மேல் பிந்தும். தகரக் கூரை ஒர்க்‌ஷாப்பில், மேற்கு பார்த்த சுவரில் தொங்குவதுதான் வழக்கமாக அதிகம் பிந்தியிருக்கும். இதை வைத்து ஒரு கணக்குப் போடலாம். மிக அதிகமாகத் தப்பிய கடிகாரம் முக்கால் நிமிடம் தப்பியிருந்தால், சிக்னல் நின்று ஏறக்குறைய இரண்டு மூன்று மாதம் ஆகிவிட்டது. அந்தச் சமயத்தில் வளாகத்தில் என்ன வேலை நடந்தது என்று அலுவலகத்தில் கேளுங்கள். பெயின்ட் அடித்தார்களா, கருவிகள் வைத்த ரேக்கை இடம் மாற்றினார்களா, யூபிஎஸ் மாற்றினார்களா? பத்துக்கு எட்டு முறை பதில் அங்கேயே கிடைக்கும்.

பிறகு டிரான்ஸ்மிட்டரிடம் போங்கள். பவர் விளக்கு எரிவது மட்டும் போதாது. அனுப்பும்போது மினுக்கும் விளக்கு தனி. ஆன்டெனா கழன்றிருக்கிறதா, மாஸ்டரிலிருந்து வரும் டேட்டா வயர் சொருகியிருக்கிறதா என்று பாருங்கள். 'பத்திரமாக இருக்கட்டும்' என்று இரும்பு பீரோவுக்குள் வைத்துப் பூட்டப்பட்ட டிரான்ஸ்மிட்டரை ஓர் அலுவலகத்தில் பார்த்திருக்கிறேன். பூட்டியவர் மேல் தப்பில்லை, அது என்ன பெட்டி என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அதன் மேல் ஒரு சீட்டு ஒட்டிவிடுங்கள்.

சரி செய்த பிறகு உடனே கடிகாரங்களைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். அவை அடுத்த முறை ரேடியோவைத் திறக்கும் வரை பழைய மணிதான். மறுநாள் காலையில் பாருங்கள். அவசரம் என்றால் ஒரே ஒரு கடிகாரத்தை இறக்கிப் பின்புற 'சிங்க்' (நேரத்தை வாங்கிச் சரிசெய்துகொள்ளும்) பட்டனை அழுத்திச் சோதிக்கலாம்.

மாஸ்டரில் ஜிபிஎஸ் விளக்கு எரியவில்லை

இந்தப் பழுதை யாரும் புகார் செய்வதே இல்லை. ஜிபிஎஸ் போனாலும் மாஸ்டர் தன் உள் படிகத்தை நம்பி ஓடும். நல்ல படிகமாக இருந்தால் மாதத்துக்கு இரண்டு மூன்று நொடிதான் தப்பும். எல்லாக் கடிகாரமும் ஒற்றுமையாக அதே தப்பைக் காட்டும். அரை நிமிடம் சேர்வதற்கு ஒரு வருடம் ஆகும். எனவே மாதத்துக்கு ஒருமுறை யாராவது அந்த விளக்கைப் போய்ப் பார்க்க வேண்டும், வேறு வழியில்லை.

மாடிக்கு ஏறுங்கள். ஆன்டெனாவுக்கு வானம் தெரிகிறதா? வைத்தபோது தெரிந்திருக்கும். பிறகு பக்கத்தில் கருப்புத் தண்ணீர்த் தொட்டி வந்திருக்கும், அல்லது சோலார் பலகைகள் வரிசையாக மேலே வந்திருக்கும். ஜிபிஎஸ் அலை 1575.42 மெகாஹெர்ட்ஸ், தண்ணீரும் உலோகமும் அதை நன்றாகவே மறைக்கும். மழை மேகம் மறைக்காது. ஆனால் மழைத் தண்ணீர் கனெக்டருக்குள் இறங்கினால் கதை முடிந்தது, ஐப்பசி கார்த்திகையில் வரும் பழுதுகளில் பாதி இதுதான்.

கனெக்டரைச் சுற்றியிருக்கும் டேப்பைப் பிரியுங்கள். வெயிலில் காய்ந்த சாதாரண இன்சுலேஷன் டேப் என்றால் கையோடு உதிர்ந்து வரும். திருகைக் கழற்றி உள்ளே பாருங்கள்: நடு ஊசி பளபளப்பாக இருக்க வேண்டும். பச்சையாகப் பூத்திருந்தால், அல்லது கேபிளின் பின்னல் கம்பி கருத்திருந்தால், தண்ணீர் கேபிளுக்குள் போய்விட்டது. துடைத்து மறுபடி மாட்டுவது ஒரு வாரத்துக்குத் தாங்கும். கருத்த இடம் முழுவதையும் வெட்டிவிட்டுப் புதுக் கனெக்டர் போட்டு, தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பைக் கீழிருந்து மேலாகச் சுற்றுங்கள். ஆன்டெனாவிலிருந்து இறங்கும் கேபிள் சுவருக்குள் நுழையும் முன் ஒரு வளைவு தொங்க வேண்டும். தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும், உள்ளே போகாது.

கனெக்டர் நன்றாக இருந்தால் மல்டிமீட்டரை எடுங்கள். ஆன்டெனாவுக்குள் இருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கு மாஸ்டரே அதே கேபிள் வழியாக மின்சாரம் அனுப்புகிறது, பெரும்பாலும் 3.3 அல்லது 5 வோல்ட். கேபிளைக் கழற்றி மாஸ்டர் பக்கம் அளந்தால் அது வர வேண்டும். அங்கே வந்து, மாடி முனையில் வரவில்லை என்றால் கேபிள் நடுவில் அறுந்திருக்கிறது, எலியைச் சந்தேகப்படுங்கள். இடி விழுந்த மறுநாள் என்றால் முதலில் மின்னல் தடுப்பானை மாற்றிப் பாருங்கள். அது தன்னைப் பலிகொடுத்து மாஸ்டரைக் காப்பாற்றியிருக்கலாம்.

ஜிபிஎஸ்ஸுக்குப் பதில் என்டிபி என்றால் பார்க்க வேண்டியது வேறு. ஃபயர்வாலில் யூடிபி 123-ஆம் போர்ட் திறந்திருக்கிறதா, டிஎன்எஸ் (சர்வரின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தருவது) முகவரி சரியா, இணைய நிறுவனத்தை மாற்றியபோது கேட்வே (இணையத்துக்கு வெளியேறும் வாசல்) மாறிவிட்டதா. ஐடி ஆளிடம் கேளுங்கள். இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று போட்ட உத்தரவின்படி நிறுவனங்களின் கணினி நேரம் என்ஐசி (தேசிய தகவலியல் மையம்) அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் என்டிபி சர்வரோடு ஒத்திருக்க வேண்டும். உங்கள் ஐடி பிரிவு அதற்காக ஏற்கெனவே ஓர் உள் சர்வர் வைத்திருக்கும். மாஸ்டரை அதனோடு சேர்த்துவிட்டால் வெளியே போகவே வேண்டாம்.

ஒரு பிளாக் மட்டும் தப்பு

மற்ற இடமெல்லாம் சரி, புது பிளாக்கில் மட்டும் ஏழு கடிகாரம் ஆளுக்கொரு மணி. இங்கே முதலில் தெரிய வேண்டியது, உங்கள் அமைப்பு எந்த ரகம் என்பது. ஒரே டிரான்ஸ்மிட்டர் எல்லாருக்கும் பேசும் ரகமா, ஒரு கடிகாரம் கேட்டு அடுத்ததற்குச் சொல்லும் ரகமா? இரண்டாவது ரகத்தில், பெயின்ட் அடிக்க வராந்தாவில் இருந்த ஒரு கடிகாரத்தைக் கழற்றியதும் அதற்கு அப்பால் உள்ளவை எல்லாம் அனாதையாகிவிடும். பெயின்டர் அதைத் திரும்ப மாட்டியிருப்பார், ஆனால் வராந்தாவில் இல்லாமல் வகுப்புக்குள். ஜூனில் பள்ளி திறந்ததும் புகார் வரும். கடிகாரம் பழைய ஆணிக்குப் போனால் ஏழும் தானாகத் திருந்தும்.

முதல் ரகம் என்றால் இடையில் என்ன முளைத்தது என்று பாருங்கள். புதுக் கான்கிரீட் தளம், லிஃப்ட், இரும்பு ரேக் நிறைந்த ரெக்கார்ட் ரூம், தகரத் தடுப்பு. ஒரு நல்ல கடிகாரத்தை எடுத்துக்கொண்டு டிரான்ஸ்மிட்டரிலிருந்து அந்த பிளாக்கை நோக்கி நடங்கள். முப்பது நாற்பது அடிக்கு ஒருமுறை நின்று சிங்க் பட்டனை அழுத்துங்கள். எங்கே பிடிக்காமல் போகிறதோ, அதற்கு ஒரு சுவர் முன்னால், சிக்னலைக் கேட்டு மறுபடி அனுப்பும் ரிப்பீட்டர் வைக்க வேண்டும். சிக்னல் செத்த இடத்திலேயே ரிப்பீட்டரை மாட்டிவிட்டு 'வேலை செய்யவில்லை' என்பவர்கள் நிறைய. அது கேட்டால்தானே சொல்லும்.

இன்னொன்று. வைஃபை ஓடும் அதே 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓடும் அமைப்பாக இருந்து, ஸ்மார்ட் போர்டும் புது வைஃபை பெட்டிகளும் வந்த பிறகு தொல்லை தொடங்கியிருந்தால், கடிகார ரிப்பீட்டரை வைஃபை பெட்டிக்குப் பக்கத்திலிருந்து சில மீட்டர் தள்ளி வையுங்கள். போட்டித் தேர்வு மையமாகப் பள்ளியை எடுத்து ஜாமர் (ரேடியோ அலையைக் கெடுக்கும் கருவி) வைத்த ஞாயிற்றுக்கிழமை கடிகாரங்கள் சிங்க் ஆகாவிட்டால் ஒன்றும் செய்ய வேண்டாம். ஒரு நாளில் குவார்ட்ஸ் தப்புவது ஒரு நொடி அளவுதான், திங்களன்று திருந்திவிடும்.

அமெரிக்காவிலிருந்து வாங்கி வந்த அமைப்பு என்றால் அதன் அலைவரிசையைப் பாருங்கள். அங்கே 902 முதல் 928 மெகாஹெர்ட்ஸ் வரை உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம். இந்தியாவில் அந்த அனுமதி கிடையாது. அதன் கீழ்ப்பகுதியில் நம் செல்போன்கள் டவரோடு பேசும் 890 முதல் 915 வரையிலான பட்டையும் விழுகிறது. சட்டப்படியும் தப்பு, வேலையும் செய்யாது. இங்கே உரிமம் வேண்டாதவை 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸும் 2.4 கிகாஹெர்ட்ஸும். ஆர்டர் கொடுக்கும் முன்பே கேட்டு வாங்க வேண்டிய விவரம் இது.

ஒரே ஒரு கடிகாரம்

நொடி முள் ஒன்பதுக்குப் பக்கத்தில் நின்று துடிக்கிறதா? செல் தீர்ந்துவிட்டது. ஆறிலிருந்து பன்னிரண்டு வரை முள்ளைத் தூக்க வேண்டியிருக்கிறது. ஒன்பதில்தான் பாரம் அதிகம். தீரும் தறுவாயில் இருக்கும் செல் அங்கேதான் தோற்கும்.

முள் ஓடுகிறது, ஆனால் சிங்க் ஆவதில்லை என்றாலும் முதல் சந்தேகம் செல்தான். முள்ளை நகர்த்தக் கொஞ்சம் கரண்ட் போதும். ரேடியோவைத் திறந்தால் ஒரே மூச்சில் அதிகம் வேண்டும். மீட்டரில் 1.3 வோல்ட் காட்டுகிறதே என்று விட்டுவிடாதீர்கள். நல்ல ஆல்கலைன் செல் போடுங்கள். கடையில் கிடைக்கும் மலிவு செல் ஓடும், ஆனால் சீக்கிரம் கசியும். சார்ஜ் செய்யும் செல் 1.2 வோல்ட்தான், பல கடிகாரங்களுக்கு அது முதல் நாளே காலிச் செல். பழையதும் புதியதும் கலந்து போடாதீர்கள். போட்ட மாதத்தைச் செல்லின் மேலேயே மார்க்கரால் எழுதுங்கள். ஸ்பிரிங்கில் வெள்ளைப் பொடி பூத்திருந்தால் ஆல்கலைன் கசிவு. பஞ்சில் ஒரு சொட்டு வினிகர் தொட்டுத் துடைத்து, காய்ந்த பிறகு மெல்லிய உப்புத்தாளால் தேயுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

நாள்தோறும் மாறாமல் நான்கு நிமிடம் தப்பு என்றால் அது சிங்க் ஆகிக்கொண்டுதான் இருக்கிறது. முள் இடம் பெயர்ந்திருக்கிறது. யாரோ கையால் திருப்பியதன் பலன். பெரும்பாலான மாடல்களில் ரீசெட் பட்டனை அழுத்தினால் முட்கள் ஓடிப் பன்னிரண்டில் போய் நிற்க வேண்டும். 12:04-ல் நின்றால், கண்ணாடியைக் கழற்றி நிமிட முள்ளை மெதுவாக மேலே இழுத்தெடுத்து, நேர் பன்னிரண்டில் அழுத்தி வையுங்கள். நொடி முள்ளை முதலில் எடுக்க வேண்டும், கடைசியில் வைக்க வேண்டும். மூன்றும் ஒன்றையொன்று உரசாமல் இருக்கின்றனவா என்று பக்கவாட்டில் வைத்துப் பாருங்கள்.

முள் நிற்காமல் சுற்றுகிறது

இதைப் பார்த்துப் பயந்து போன் செய்பவர்கள் அதிகம். பல முள் கடிகாரங்களுக்குப் பின்னால் போகத் தெரியாது. மூன்று நிமிடம் முந்தியிருந்தால், ஒன்று, மூன்று நிமிடம் அசையாமல் நிற்கும், இல்லையென்றால் டயல் முழுக்கச் சுற்றி வரும். இரண்டும் இயல்புதான். ஒரு மணி நேரம் கழித்தும் ஓடிக்கொண்டே இருந்தால்தான் பழுது: பன்னிரண்டு எங்கே என்று உள் சென்சாருக்குத் தெரியவில்லை. முள் வளைந்திருக்கலாம், சென்சாரில் தூசி இருக்கலாம். சுத்தம் செய்தும் தீராவிட்டால் மெஷினை மாற்றிவிடுங்கள்.

வைஃபை கடிகாரங்கள்

எல்லாம் ஒரே வாரத்தில் தப்பத் தொடங்கினால், வைஃபை பாஸ்வேர்டு மாறியிருக்கிறது. வேறு யோசனையே வேண்டாம். பாஸ்வேர்டு மாறவில்லை என்று ஐடி ஆள் சத்தியம் செய்தால், 2.4 கிகாஹெர்ட்ஸை அணைத்து 5-ஐ மட்டும் விட்டிருக்கிறாரா, டபிள்யூபிஏ3 (புதிய வைஃபை பாதுகாப்பு முறை) மட்டும் என்று மாற்றினாரா என்று கேளுங்கள். பழைய கடிகாரங்களுக்கு இரண்டுமே தெரியாது. காலையில் சில மட்டும் இணைந்து மீதி விழுந்தால் ஐபி முகவரிகள் (ஒவ்வொரு கருவிக்கும் நெட்வொர்க் கொடுக்கும் எண்கள்) தீர்ந்துபோயிருக்கும். மாணவர்களின் செல்போன்கள் எடுத்துக்கொண்டிருக்கும். கடிகாரங்களுக்கென்று தனி வைஃபை பெயர் கொடுத்து, அதன் பாஸ்வேர்டை யாரிடமும் சொல்லாமல் இருப்பதுதான் நிம்மதி.

கரண்ட் போய் வந்த பிறகு

மாதாந்திரப் பராமரிப்பு மின்தடைக்குப் பின் மாஸ்டர் 2000 அல்லது 1970 ஜனவரி 1 என்று காட்டினால், உள்ளே இருக்கும் சிஆர்2032 நாணய செல் செத்துவிட்டது. விலை ஒன்றும் பெரிதில்லை. மாற்றும்வரை ஆபத்து என்னவென்றால், ஜிபிஎஸ் பிடிக்கும் முன்பே சில மாஸ்டர்கள் இந்தத் தப்பு நேரத்தை ஒலிபரப்பிவிடும். 'லாக் ஆகும்வரை அனுப்பாதே' என்ற வசதி மெனுவில் இருந்தால் அதை ஆன் செய்யுங்கள்.

நேரடியாக 230 வோல்ட்டில் ஓடும் பழைய எல்இடி கடிகாரம் மணிக்குப் பத்து நிமிடம் பிந்தினால், அது 60 ஹெர்ட்ஸ் நாட்டிலிருந்து வந்தது. நம் 50 ஹெர்ட்ஸை எண்ணிக்கொண்டிருக்கிறது. மின் அலையை எண்ணி ஓடும் கடிகாரத்துக்கு ஊர் மின்சாரமே எஜமான். 2018 தொடக்கத்தில் ஐரோப்பாவில் செர்பியா, கொசோவோ பக்கம் ஏற்பட்ட மின் பற்றாக்குறையால் அலைவெண் லேசாகக் குறைந்து, கண்டம் முழுக்க இப்படிப்பட்ட கடிகாரங்கள் ஆறு நிமிடம் பிந்தின.

கடிகாரம் சரி, பெல் தப்பு

அட்டவணையில் தேடுங்கள், மின்சாரத்தில் அல்ல. தேர்வுக்கால அட்டவணையை எடுக்க மறந்திருப்பார்கள். மதியம் 12:40 பெல் அடிக்காமல் நள்ளிரவில் அடித்து வாட்ச்மேனை எழுப்பினால், 12:40 ஏஎம் என்று பதிந்திருக்கிறது. பெல்லுக்கு மின்சாரம் விடும் ரிலே 'டிக்' என்கிறது, பெல் அடிக்கவில்லை என்றால் எம்சிபி (தானாக விழும் பாதுகாப்பு சுவிட்ச்) விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். பெல் நிற்கவே இல்லை என்றால் ரிலே ஒட்டிக்கொண்டது; மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், நீங்கள் கை வைக்க வேண்டாம்.

பஞ்ச் மெஷின் ஒன்று சொல்கிறது, சுவர் ஒன்று சொல்கிறது

ஆலையிலும் அலுவலகத்திலும் சண்டை வருவது இதில்தான். ஷிஃப்டுக்கு ஆறு மணிக்கு வந்தவருக்கு, வருகை பதியும் பயோமெட்ரிக் பஞ்ச் மெஷினில் 6:03 என்று பதிகிறது, சுவரில் ஆறு. பெரும்பாலும் சுவர்தான் சரி. பஞ்ச் மெஷின் தன் மென்பொருள் ஓடும் கணினியிடமிருந்து நேரத்தை வாங்குகிறது. ஹெச்ஆர் அறையின் மூலையில் உள்ள அந்தக் கணினியின் நேரத்தை யாரும் பார்ப்பதில்லை. மாஸ்டர் கிளாக்கில் என்டிபி வெளியீடு இருந்தால் அந்தக் கணினியையும் சிசிடிவி ரெக்கார்டரையும் அதிலேயே சேர்த்துவிடுங்கள். மாஸ்டரில் அந்த வசதி இல்லையென்றால் மாஸ்டர், கணினி, ரெக்கார்டர் மூன்றையும் ஐடி பிரிவின் சர்வரில் சேருங்கள். அதுவரை பதிந்த மூன்று நிமிடத்துக்குச் சம்பளம் பிடிக்க வேண்டாம் என்று ஹெச்ஆரிடம் எழுத்தில் கேட்டு வாங்குவது தொழிலாளர்களின் உரிமை.

சர்வீஸ் ஆளைக் கூப்பிட வேண்டி வந்தால் முதல் நாளும் இரண்டாம் நாளும் எழுதிய நான்கு இடத்து வித்தியாசத்தையும், மாஸ்டர் திரையின் போட்டோவையும், பின்புற லேபிளின் போட்டோவையும் முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள். எந்த உதிரி பாகத்தோடு கிளம்ப வேண்டும் என்று அவருக்குத் தெரிந்துவிடும்; இரண்டாம் முறை வந்ததற்கான பில் உங்களுக்கு வராது.